கன்னியாகுமரி போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கே: ஞாயிறு ஒரே நாளில் விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் மூன்றும் முடியுமா? வயதானவர்கள் இருவர் உண்டு.

முடியும், இதே வரிசையில் போனால். படகு வழக்கமாகக் காலை 8 முதல் மாலை 4 வரை. 7 மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். சபரிமலை சீசனில் 10 மணிக்கு வந்தால் பாதி நாள் வரிசையிலேயே போகும். பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது (2024 டிசம்பர் 30 திறப்பு). முன்பு நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். இப்போது நடந்தே போகலாம். சிலைக்குள் இருக்கும் படிகள் மட்டும் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

அரண்மனை தக்கலைப் பக்கம், சுமார் 35 கி.மீ. மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை, அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். செருப்பு வெளியே. மரப்படிகள் செங்குத்து, வாசல்கள் தாழ்வு, தலையைக் குனிந்தே நடங்கள். குனிந்தபோதே தரையையும் பாருங்கள்: சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகித் தேய்த்த கறுப்புத் தரை. சன்னல் வெளிச்சம் அதில் தண்ணீரில் விழுந்த மாதிரி மின்னும்.

தொட்டிப்பாலம் மாலையில். உயரம் 115 அடி, நடைபாதை ஒடுக்கம். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே பரளியாற்றங்கரையில் நின்று பார்த்தால் போதும்.

கே: அரண்மனை திங்கட்கிழமை உண்டா?

விடுமுறை. இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசு.

கே: மே மாதம் வருகிறோம். கடலில் சூரிய அஸ்தமனம் எங்கே பார்ப்பது?

மே மாதம் கிடைக்காது. உதயம் 12 மாதமும் கடலில்தான். அஸ்தமனம் அப்படியில்லை. குமரியிலிருந்து முட்டம் நோக்கிப் போகும் கரை மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. கோடையில் சூரியன் அதைவிட வடக்கே இறங்குவதால் தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்விடும். ஐப்பசி முதல் பங்குனி வரை தண்ணீரிலேயே விழும். ‘சன்செட் பாயின்ட்’ இருப்பது ஊருக்கு மேற்கே உள்ள கோவளத்தில். மேப்பில் வெறும் ‘கோவளம்’ என்று போட்டால் திருவனந்தபுரம் கோவளத்துக்கு வழி காட்டும், ஜாக்கிரதை.

கே: தவறான தகவல். சித்ரா பௌர்ணமியன்று சூரியன் கடலில் மறைய, சந்திரன் எழும். ஆண்டில் அந்த ஒரே நாள்தான்.

எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் நிலவு எழும், அரை மணி முன்பின் இருக்கலாம். குமரியின் சிறப்பு, இரண்டு பக்கமும் கடல் திறந்திருப்பது. சித்திரையில் சூரியன் கரையின் ஓரத்தை உரசத் தொடங்கிவிடும். திருவிழாக் கூட்டம் வேண்டுமென்றால் சித்ரா பௌர்ணமிக்கு வாருங்கள். காட்சிதான் வேண்டுமென்றால் மாசி, பங்குனிப் பௌர்ணமி மேல்.

கே: எங்கள் தாத்தா காலத்திலிருந்து சித்ரா பௌர்ணமிதான் சொல்வார்கள்...

தாத்தா சொன்னதில் தப்பில்லை, அன்று தெரியும்தான். ‘அன்று மட்டும்’ என்பதுதான் தப்பு. பங்குனிப் பௌர்ணமிக்கு ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

கே: சொத்தவிளை, லெமூர் கடற்கரைகளில் குளிக்கலாமா?

வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தெற்கே வெகுதூரப் புயலில் கிளம்பிய அலை வந்து கரையேறும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் லெமூரில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படித்தான். இன்கோயிஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) எச்சரிக்கை வந்த நாளில் காலைக்கூட நனைக்காதீர்கள்.

கே: முட்டத்தில் பாறை மேல் நின்று போட்டோ?

பாசி படிந்த, ஈரமான பாறையில் ஏறாதீர்கள். ஈரம் என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

கே: மூணாறு பேக்கேஜ் எவ்வளவு?

அது மலை. மலைக்காரர்களைக் கேளுங்கள்.

கே: ஜூனில் சூரிய அஸ்தமனம்...?

மேலே மே மாதத்துக்குச் சொன்னதே.

கே: சின்னப் பசங்க கரையோரமா மட்டும் குளிக்கலாமா அண்ணே?

கூடாது தம்பி. கரையோரத்தில் நிற்பவரைத்தான் அந்தக் கள்ளக்கடல் அலை இழுக்கும். குளிக்க ஆசையென்றால் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போங்கள், அங்கேயும் தண்ணீர் அதிகமாக விழுந்தால் தடுத்துவிடுவார்கள்.

கே: பாறைக்கு மாலை 4 மணிக்கு வந்தால் படகு கிடைக்குமா?

முதல் பதில், இரண்டாவது வாக்கியம்.