கிறுக்கு நாடகத்துக்குக் குறுக்கே நிற்பது யார்?

கேள்வி: எடின்பரோ, நியூயார்க் ஃப்ரிஞ்ச் நாடக விழாக்களில் கழிப்பறைக் கட்டணத்தையும் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளையும் வைத்துப் பாட்டு நாடகம் போட்டு உலகப் புகழ் பெற்றுவிடுகிறார்கள். நம் சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களிலோ அதே மாமியார், அதே கைப்பேசிப் பிள்ளை, அதே 'தமிழில் பேசு'. நம்மவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டதா? நல்லது வந்தால் பார்க்க என்னைப் போன்ற ரசிகர்கள் தயாராகத்தானே இருக்கிறோம்?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கற்பனைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தக் கழிப்பறை நாடகம். 'யூரின்டவுன்' என்று பெயர். கையில் காசில்லாமல் ஐரோப்பா சுற்றிய கிரெக் கோட்டிஸ் என்பவருக்கு, பாரிஸில் ஒதுங்கப் போன இடத்திலும் காசு கேட்டபோது தோன்றிய கதை. ஊரில் தீராத வறட்சி. வீட்டில் கழிப்பறை வைத்துக்கொள்ளத் தடை. பொதுக் கழிப்பறைகள் அத்தனையும் ஒரே கம்பெனியின் கையில். காசு கட்டாமல் மரத்தடியில் ஒதுங்கினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். கதை சொல்பவரே ஒரு போலீஸ்காரர்தான். நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு சின்னப் பெண் அவரிடம் வந்து, தலைப்பு மோசமாக இருந்தால் நாடகம் விளங்காதே என்று மேடையிலேயே கவலைப்படுவாள். பல அரங்குகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிறகு, 1999 நியூயார்க் ஃப்ரிஞ்சில் இதற்கு இடம் கிடைத்தது. 2001-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வே, 2002-இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருதுகள் மூன்று.

இதைக் கேள்விப்பட்டபோது உங்களுக்கு உறைக்கவில்லையா? இது நம் கதை! காப்பிக்கடைக் கழிப்பறை வாசலில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்து, 20 காசு வாங்கிக்கொண்டு டிஷ்யூ நீட்டும் பாட்டியை நாம் பார்க்காததா? 1963-இல் தண்ணீருக்குப் பங்கீடு போட்ட ஊர் இது. 2061 வரை ஆயிரம் காலன் மூன்று சென் விலையில் வாங்க பக்கத்து ஜொகூர் மாநிலத்தோடு 1962-இல் ஒப்பந்தம் போட்ட ஊர். கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று பெயர் வைத்து, 2002 தேசிய தின அணிவகுப்பில் பிரதமரிலிருந்து பார்க்க வந்தவர்வரை போத்தலை உயர்த்திக் குடித்த ஊர். கடைசிக் காட்சியை அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரு ஆர்மோனியமும் நாக்கில் எண்ணெய் தடவிய ஒரு பபூனும் இருந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டு நாடகம் நமக்குப் புதிதும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு, பாட்டும் பதில் பாட்டுமாக விடியும்வரை போகும். இங்கேயும்தான் என்ன குறைந்துபோயிற்று? 1988-இல் சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் ஒரு பாட்டியை மேடையேற்றினார். பூனையைத் தேடி அலையும் அந்தப் பாட்டிக்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும்தான் தெரியும். எதிரே பூனையைத் தொலைத்த ஒரு தமிழ்த் தாத்தா. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே இரண்டு பேரும் நெடுநாள் பழகியவர்கள்போலப் பேசிக்கொள்வார்கள். பெற்ற பிள்ளைகளிடம் பாட்டியால் அப்படிப் பேச முடியாது. இதைவிடக் கிறுக்கான கற்பனை வேண்டுமா?

அப்படியானால் எங்கே இடிக்கிறது? எடின்பரோவில் 1947-இல் பெரிய விழா தொடங்கியபோது அழைக்காமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து ஓரமாக ஆடின. அதுதான் ஃப்ரிஞ்ச். இன்றுவரை விழா நடத்துபவர்கள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அரங்குக்காரர்கள் தங்கள் வாசலில் வடிகட்டுவார்கள், அது வேறு. இடம் பிடித்தாயா, பணம் கட்டினாயா, ஆடு. 2019-இல் 3,800 நிகழ்ச்சிகளுக்கு மேல். மதுக்கடை நிலவறை, தேவாலயக் கூடம், வகுப்பறை, ஏன், பொதுக் கழிப்பறையில்கூட ஆடியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். நீங்கள் முடிக்கத் தாமதித்தால் அடுத்த குழு சாமான்களோடு கதவருகே நிற்கும். காலையில் நடிகர்களே வேஷத்தோடு ராயல் மைல் தெருவில் நின்று நோட்டீஸ் கொடுப்பார்கள். விமர்சகர் யாராவது நாலு நட்சத்திரம் போட்டுவிட்டால், அதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து நோட்டீஸ்மேல் ஸ்டேப்ளர் அடிப்பார்கள். ஆறு ராணிகளைப் பாப் பாடகிகளாக்கிய 'சிக்ஸ்' நாடகமும் 2017-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இப்படிக் கொண்டுவந்ததுதான்.

இதெல்லாம் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. ஆகஸ்ட் மாத வாடகைக்கே பலர் கடனாளி ஆகிறார்கள். நாலு பேர் முன்னால் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு நாடகங்களுக்குப் பின்னால் யாரும் கேள்விப்படாத ஆயிரக்கணக்கான சொதப்பல்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் நாடகங்களைத் தேர்ந்தெடுக்க நடுவர் குழு இருந்ததுதான். ஆனால் ஒரே ஆகஸ்டில் ஏறத்தாழ 200 நாடகங்களை உள்ளே விட்ட குழு அது. சொதப்பலுக்கும் அதில் இடம் இருந்தது.

இங்கே சொதப்ப வசதியில்லை. 2005-இல் நெசசரி ஸ்டேஜ் குழு தொடங்கிய ஃப்ரிஞ்ச் விழாவும் தேர்ந்தெடுத்து நடத்தியதுதான். நாடகம் போட உரிமம் வேண்டும், மானியத்துக்கு விண்ணப்பம் வேண்டும், அரங்கை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். இத்தனையும் செய்து இரண்டு நாள் ஆடப்போகிறவர் மாமியாரை எழுதுவாரா, கழிப்பறைப் பாட்டியை எழுதுவாரா? ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. நல்ல விழா, குறை சொல்லவில்லை. ஆனால் நாடகம் என்றால் கடைசியில் ஒரு நீதி இருக்க வேண்டும் என்று நாமாகவே எழுதாத சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டோம். அதோடு சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை. அந்த நேரத்தில் எடின்பரோவில் ஒரு முழு நாடகமே முடிந்து கூட்டம் வெளியே வந்திருக்கும்.

இப்போது உங்கள் கடைசி வாக்கியம். தயாராக இருக்கிறீர்களா? சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் சினிமாப் பாடகர் வந்தால் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து, பைனாகுலர் இல்லாமல் முகம் தெரியாத இடத்தில் உட்கார நாம் தயார். எஸ்பிளனேட் கலையரங்கின் 220 இருக்கை ஸ்டூடியோவில் தமிழ் நாடகம் என்றால் மட்டும் "ஓசி டிக்கெட் இருக்கா?" என்று குழுவினருக்கே வாட்ஸ்அப் போகிறது. டிக்கெட் வாங்குகிறவரும் "யார் எழுதியது, யார் நடிக்கிறார், பிள்ளைகளுக்கு ஏதாவது கருத்து இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறார். நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால்தான் வருவோம் என்றால், ஏற்கெனவே பார்த்ததைத்தான் திரும்பவும் போடுவார்கள்.

பெயரே கேள்விப்படாத ஒருவர் எழுதிய நாடகத்துக்கு இந்த ஆண்டு ஒரு டிக்கெட் எடுங்கள், காசு கொடுத்து. பிடிக்காவிட்டால் என்ன பிடிக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.