சுவிட்சுக்கு முன் ஸ்க்ரூ டிரைவர்

வாசகர் கேள்வி – பதில்: பழைய கணினி வாங்குவோருக்காக

பழைய போர்டுகளைச் சரிசெய்யும் வேலையில் எனக்கு இது இருபத்தெட்டாவது வருடம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் முடிகின்றன: "விற்பவர் பவர் போட்டுப் பார்த்துவிட்டாராம், லைட் எரிகிறதாம், வாங்கலாமா?" அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். ஏனென்று முதல் கேள்வியிலேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது மேடம். அதோடு வந்த அடாப்டரே கூட இருக்கிறது. ஆன் செய்தால் சிவப்பு லைட் எரிகிறது, திரையில் படம் மட்டும் வரவில்லை. "கேபிள் கோளாறாக இருக்கும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, லைட்டை நம்பாதீர்கள். அது எரிய 5 வோல்ட் போதும். உள்ளே உள்ள சிப் அத்தனையும் செத்துக் கிடந்தாலும் அது பளிச்சென்று எரியும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு விஷயம். அதோடு வந்த அடாப்டரே இருக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

1982-ல் வெளிவந்த இந்த மெஷினுக்கு அடாப்டரிலிருந்து இரண்டு விதமாக மின்சாரம் போகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் அந்தக் கனத்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான டப்பாக்களில் உள்ளே பிசின் ஊற்றி இறுக மூடிவிட்டார்கள். சூடு வெளியே போகாது, பிரித்துப் பழுது பார்க்கவும் முடியாது. வருடங்கள் ஆக ஆக ரெகுலேட்டர் தளர்ந்துபோனால் 5 வோல்ட் 6 ஆகும், 7 ஆகும். அதைத் தடுத்து நிறுத்த மெஷினுக்குள் எதுவும் கிடையாது, நேராக ரேம் சிப்புகள் மீது போய் இறங்கும். கறுத்த திரைக்கு ரேம் போனது ஒரு முக்கியமான காரணம்.

என் கையாலேயே இது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கொமடோரைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அவர் கொண்டுவந்த அடாப்டரை அளந்து பார்க்காமல் செருகிவிட்டேன். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குழம்பின, கடைசியில் முழுக்கக் கறுத்தது. அந்த போர்டில் இருந்த எட்டு ரேம் சிப்புகளில் ஐந்து போயிருந்தன. எட்டையும் மாற்றித் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் மேசைக்கு வரும் எந்த அடாப்டரும் மல்டிமீட்டரைத் தொடாமல் மெஷினைத் தொட்டதில்லை.

அளந்து பார்ப்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. சூடேறாதபோது 5.05 காட்டும் டப்பா அரை மணி நேரம் ஓடியபின் எகிறலாம். ஆகவே பழைய அடாப்டரைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டு, இந்த மெஷினுக்கென்றே இப்போது புதிதாகச் செய்து விற்கப்படும் அடாப்டரை வாங்குங்கள்.

அதற்கு முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். மெஷினைக் கவிழ்த்தால் முன்விளிம்பை ஒட்டி மூன்று ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றி, மூடியைத் தூக்கி, போர்டை நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது சாக்கெட் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிட் என்று சொல்லப்படும் ஒலி சிப்பை மட்டும் தனியே உருவி விற்றுவிட்டு, மிச்சத்தை "சோதிக்கப்படாதது" என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. பழைய போர்டுகளில் அந்தச் சிப் 6581, பின்னால் வந்தவற்றில் 8580. இரண்டுக்கும் 28 கால்தான், ஒரே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 9. 8580-ஐ 12 வோல்ட் போர்டில் செருகினால் சிப் பாழ்.

சிட் சிப்பைத் தனியாக வாங்க நேர்ந்தால், முதல் காலைக் காட்டும் சின்னக் குழியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரிஜினலில் குழி வழவழப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். பழைய எழுத்தைத் தேய்த்தழித்து மேலே கறுப்புப் பூச்சு பூசிப் புது எண் அச்சிட்டிருந்தால் அந்தக் குழிக்குள்ளும் பூச்சு படிந்து சொரசொரப்பாகிவிடும். சந்தேகம் வந்தால் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அது பூசியதுதான்.

உங்கள் பேரத்துக்கு வருகிறேன். படத்தில் எல்லாச் சிப்பும் இருந்தால், ஓடாத மெஷினுக்கு உரிய விலை பேசி வாங்குங்கள். "கேபிள் கோளாறு" என்ற வார்த்தைக்குக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1983-ல் செய்தது என்று சொல்லி விற்ற போர்டில் ஒரு சிப் மேல் 8712 என்று இருக்கிறது. இன்னொன்றில் 8237. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
– வங்கி ஊழியர்

பதில்: அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். சிப் மேல் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 8712 என்றால் 1987-ன் 12-வது வாரம். ஒரே ஒரு சிப் மட்டும் பிந்தியதாக இருந்தால் அது எப்போதோ பழுதுபார்த்தபோது மாற்றியதாக இருக்கும். அதைச் சுற்றி சால்டர் பளபளப்பு வேறுபடுகிறதா என்று போர்டின் அடிப்பக்கம் பாருங்கள். பெரும்பாலான சிப்புகள் 87 என்று சொன்னால்தான் போர்டே 87-ல் செய்தது என்று அர்த்தம்.

8237 வேறு கதை. அது 1982-ன் 37-வது வாரமாகவும் இருக்கலாம், 8237 என்ற டிஎம்ஏ கன்ட்ரோலரின் (புராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்துக்குத் தகவல் கடத்தும் சிப்) பெயராகவும் இருக்கலாம். 8250 என்ற சீரியல் போர்ட் சிப்பும் அப்படித்தான். 40 கால் கொண்ட பெரிய சிப் என்றால் அது பெரும்பாலும் பெயர். தேதி வேறு வரியில், சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். (8088 என்ற புராசஸரின் பெயரைத் தேதி என்று நினைத்து எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதே பதில்தான்: வருடத்துக்கு 88 வாரம் கிடையாது.)

கேள்வி: 486 மதர்போர்டு ஒன்று வாங்கினேன். பேட்டரி பக்கத்தில் பாசி மாதிரிப் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?
– கணினி ஆசிரியர்

பதில்: ஓட்ட வேண்டாம் ஐயா. முதல் வேலையாக அந்தப் பேட்டரியை வெட்டி எடுங்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே செய்தாலும் சரி.

386, 486 (இன்டெல் புராசஸர் தலைமுறைகள்) போர்டுகளில் கீபோர்டு சாக்கெட்டை ஒட்டிப் படுத்திருக்கும் நீல அல்லது பச்சை உருளை 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. வயதானால் கசியும். கசிவது காரம், அது செம்பைத் தின்னும். நீங்கள் பார்க்கும் பச்சை அந்தச் செம்பின் மிச்சம். பேட்டரியை எடுத்தபின் சாதாரண வினிகரைப் பழைய பல்துலக்கும் பிரஷில் தொட்டுத் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் தண்ணீரில் அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். பிறகு லென்ஸ் வைத்து, போர்டில் ஓடும் செம்புக் கோடுகளை (ட்ரேஸ்) ஒவ்வொன்றாகப் பாருங்கள். பச்சைப் பூச்சுக்கு அடியில் கோடு கறுத்திருந்தால் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி இழுத்து சால்டர் வைக்கலாம், அதில் கஷ்டமில்லை. அரிப்பு, கார்டுகள் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்குள் இறங்கியிருந்தால்தான் வேலை பெரிது.

486 என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 90-களின் நடுவில் வந்த சில போர்டுகளில் கேஷ் சிப்புகளே (புராசஸருக்கு உதவும் வேகமான நினைவகம்) போலி. எனக்கும் ஒன்று கிடைத்தது. பார்க்க வரிசையாக அழகான சிப்புகள், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த புரோகிராம்) திரையில் "256கே கேஷ்". சந்தேகப்பட்டு ஒரு சிப்பை உடைத்தேன், உள்ளே வெறும் பிளாஸ்டிக். கால்கள் போர்டில் எந்த ட்ரேஸோடும் சேரவில்லை. இல்லாத கேஷை இருப்பதாகக் காட்ட பயாஸையே திருத்தியிருந்தார்கள். புதிதாக இதை வாங்கிய குடும்பங்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் கேஷ்செக் என்ற புரோகிராமை ஓட்டுங்கள். முதல் சில கேபி வரை அதிவேகம், அதற்குமேல் 256 கேபி வரை நடுத்தர வேகம், அதன்பின் மெதுவாக என்று மூன்று படி தெரிய வேண்டும். நடுப்படி இல்லையென்றால் கேஷும் இல்லை.

கேள்வி: ஒரு 386 சிப் மேல் "16 பிட் எஸ்/டபிள்யூ ஒன்லி" என்று அச்சிட்டிருக்கிறது. மட்டமான சரக்கா?
– பொறியியல் மாணவி

பதில்: அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் தங்கையே. ஆரம்பகால 386 சிப்புகள் சிலவற்றில் 32 பிட் பெருக்கலில் பிழை இருந்தது. 1987-ல் அது தெரியவந்ததும் இன்டெல் சோதித்துப் பிரித்தது. தேறியவற்றுக்கு இரட்டை சிக்மா குறி, தேறாதவற்றுக்கு நீங்கள் பார்த்த வாசகம், அதாவது 16 பிட் சாஃப்ட்வேருக்கு மட்டும். டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் அதில் ஓடும், 32 பிட் வேலைக்கு மட்டும் நம்ப வேண்டாம். சேகரிப்பவர்கள் தேடுவதும் இதைத்தான்.

கேள்வி: ஐபிஎம் பிசி என்று விற்கிறார்கள். அது 1981-ன் முதல் மாடலான 5150-யா, பிந்திய எக்ஸ்டி மாடலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சேகரிப்பாளர்

பதில்: முகப்பில் உள்ள பெயர்ப்பட்டையைப் பார்க்காதீர்கள், அதை ஒட்டவும் பிடுங்கவும் முடியும். பின்புறம் பாருங்கள். கார்டு ஸ்லாட் ஐந்து இருந்தால் 5150, எட்டு இருந்தால் எக்ஸ்டி. 5150-ல் வட்ட சாக்கெட் இரண்டு: ஒன்று கீபோர்டுக்கு, மற்றது கேசட் ரெக்கார்டருக்கு. எக்ஸ்டியில் கேசட் சாக்கெட் கிடையாது.

5150-யிலேயே முந்தியது எது என்று அறிய போர்டு மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். "16கேபி-64கேபி" என்றால் முதல் தலைமுறை, "64கேபி-256கேபி" என்றால் அடுத்தது. பயாஸ் தேதி 1982 அக்டோபர் 27-க்கு முந்தையது என்றால் ஹார்ட் டிஸ்க் கார்டை அது கண்டுகொள்ளாது. பவர் சப்ளையும் 63.5 வாட்தான், எக்ஸ்டியில் 130. ஹார்ட் டிஸ்க் மாட்டும் ஆசை இருந்தால் எக்ஸ்டியே வாங்குங்கள்.

கேள்வி: ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு என்கிறார்கள். உண்மையா என்று சோதிப்பது எப்படி? மஞ்சளாகவும் இருக்கிறது.
– எழுத்தாளர்

பதில்: கவிழ்த்தால் லேபிளில் பார்ட் நம்பரும் செய்த தேதியும் இருக்கும். 1391401 என்றால் பரவலாகக் கிடைத்த 101 கீ மாடல். ஒரு கீயின் மூடியை மெல்ல நெம்பி எடுங்கள், அடியில் ஸ்பிரிங் நிற்க வேண்டும். ரப்பர் தெரிந்தால் அது நீங்கள் தேடும் ரகம் அல்ல. பிறகு காதருகே வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ உருண்டால் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் உடைந்திருக்கின்றன. சரிசெய்யலாம், ஆனால் ஒரு நாள் வேலை. மஞ்சளுக்காக ஒதுக்காதீர்கள்.

கேள்வி: என் அப்பா உபயோகித்த மேக்கின்டாஷ் எஸ்இ/30 பதினைந்து வருடமாக அலமாரியில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. விற்பதா வைத்துக்கொள்வதா என்று மனம் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்க்கலாமா?
– இல்லத்தரசி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது, அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அதற்குள் விரல்கணு அளவில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. இந்த வயதில் அது வெடித்து அமிலம்போல் ஒழுகி போர்டையும் இரும்புச் சட்டத்தையும் தின்றுவிடக்கூடும். அப்படி அழுகிய மேக் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஆகவே பேட்டரிதான் முதலில் வெளியே வர வேண்டும். மேலே கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. அதற்கு நீண்ட தண்டு கொண்ட டி15 டார்க்ஸ் டிரைவர் வேண்டும். ஆனால் நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே பிக்சர் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கலாம், டியூபின் கழுத்தும் கை பட்டால் முறிந்துவிடும். பழைய டிவி, மானிட்டர் பழுது பார்த்துப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர்களும் கசிந்திருக்கும், சால்டர் சூடு பட்டதும் மீன் வாடை வந்தால் அதுதான். எல்லாவற்றையும் மாற்றியபின்தான் பவர்.

ஹார்ட் டிஸ்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அதில் அப்பா தட்டிய கடிதங்கள் இருக்கலாம். அந்தக் காலத்து டிஸ்குகள் சிலவற்றில் ரப்பர் தடுப்புகள் இளகி ஒட்டிக்கொண்டு ஹெட் நகர மறுக்கும். தெரியாதவர் கையில் கொடுத்தால் "டிஸ்க் செத்துவிட்டது" என்று புதிய மெமரி கார்டு அடாப்டரை மாட்டிக் கொடுத்து, பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார். "டிஸ்கை எனக்கே திருப்பித் தர வேண்டும், முதலில் அதன் முழு நகல் வேண்டும்" என்று எழுதியே கொடுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அந்த நகலைத் திறந்து படித்த பிறகு யோசிக்கலாம், அவசரமில்லை. மூடியைக் கழற்றியதும் உள்ளே நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பேட்டரி எங்கே, எந்தக் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது என்று வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.