ஐவர் ஏறிய சிகரம்

அன்புள்ள ஐயா,

வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். 1987இல் சியாச்சினில் பாகிஸ்தானின் காவல்நிலையைத் தனியொருவராகக் கைப்பற்றிப் பரம் வீர் சக்ரா பெற்ற பானா சிங்கைப் பற்றி மாணவர்களுக்காக எழுதிய கட்டுரையை இணைத்துள்ளேன். அத்தகையவருக்கு அவருடைய மாநில அரசு மாதம் 166 ரூபாய் கொடுத்து வந்ததைப் படித்து மனம் கொதித்தது. என் மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்போடு சிப்பாயாகச் சேர வேண்டும் என்கிறான். பட்டம் பெற்று அதிகாரியாகப் போ என்கிறேன். நான் சொல்வது சரிதானா?

கா.

அன்புள்ள கா.,

மாணவர்களுக்காக இரவில் உட்கார்ந்து எழுதும் ஆசிரியர்கள் அருகிவிட்ட காலத்தில் உங்கள் கட்டுரை எனக்கு மகிழ்ச்சியளித்தது. 166 ரூபாய் பற்றிய உங்கள் சினம் நியாயமானது. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள், நானும் சேர்ந்து பொங்குவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆனால் பானா சிங் தனியொருவராக ஏறினார் என்று எந்தத் துணிச்சலில் எழுதினீர்கள்? வரலாற்று ஆசிரியர் நீங்கள். திரைப்படக் கதாநாயகனுக்குத்தான் தனியாகப் போகும் வசதி உண்டு. இருபத்தோராயிரம் அடிக்கு மேலே, செங்குத்தான பனிச்சுவரில், எந்தச் சிப்பாயும் தனியாகப் போவதில்லை. அந்த மே மாதம் இரண்டாம் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டேயின் ரோந்துக் குழு அந்நிலையை நெருங்கியபோது சுடப்பட்டு, அவரும் உடன் சென்றவர்களில் பலரும் மாண்டார்கள். அவர் பெயரையே சூட்டி நடத்தப்பட்ட அடுத்த தாக்குதலில், அந்தக் குழு கட்டிவிட்டுப்போன கயிறு பனியில் புதைந்திருந்ததால், அதைத் தேடியே முதல் முயற்சி வீணாயிற்று. மேஜர் வரீந்தர் சிங் தலைமையில் பலர் பலமுறை முயன்று, குளிரில் இயந்திரத் துப்பாக்கி இயங்காமல் போய், சிலர் உயிரிழந்த பிறகே, ஜூன் 26 அன்று பனிப்புயலின் மறைவில், எவரும் எதிர்பாராத கடினமான வழியில், நாயிப் சுபேதார் பானா சிங் நான்கு பேரை அழைத்துக்கொண்டு ஏறினார். லக்ஷ்மண் தாஸ், ஓம் ராஜ், காஷ்மீர் சந்த், சுன்னி லால் என்பன அந்நால்வரின் பெயர்கள்.

உங்கள் கட்டுரையில் இல்லாத அந்தக் கடைசிப் பெயரைப் பற்றித்தான் சில காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜம்முவின் தோடா மாவட்டத்து மலைக்கிராமத்தில் 1968இல் பிறந்த சுன்னி லாலுக்கு அன்று வயது பத்தொன்பது. சியாச்சினுக்காக அவருக்குச் சேனா பதக்கம் கிடைத்தது. படத்தில் போட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ அதே ஜம்மு காஷ்மீர் இலகு காலாட்படையின் எட்டாம் பட்டாலியனில், பதவிப் படிகளில் மெல்ல ஏறிக்கொண்டு, மேலும் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். 1999இல் பூஞ்ச் பகுதியில் தம் நிலையைத் தாக்க வந்தவர்களை எதிர்த்து நின்றதற்காக வீர் சக்ரா பெற்றார். 2007 ஜூன் மாதம், குப்வாரா எல்லைக்கோட்டருகே ஒரு காவல்நிலையின் தலைவராக இருந்தபோது, இரவில் ஊடுருவ வந்தவர்களோடு நடந்த மோதலில் காயம்பட்ட தோழர்களைத் தவழ்ந்து சென்று இழுத்துக் காப்பாற்றினார்; பின்பு அடிவயிற்றில் குண்டு பாய்ந்தும் நிலையை விட்டு விலகாமல் போரிட்டு இறந்தார். போர்க்களத்துக்கு வெளியே காட்டப்படும் வீரத்துக்கான உச்ச விருதான அசோக் சக்ராவை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

மூன்று பதக்கங்களுக்கும் காரணமான நேரத்தைக் கூட்டினால் சில நாட்கள்தான் தேறும். எஞ்சிய இருபது ஆண்டுகளை யார் எழுதுவது? என் பெரியப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். லடாக்கில் பனிக்காவலில் இருந்தவரிடம், சிறுவனாக இருந்தபோது, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டேன். அவர் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிச் சொன்னார். அது அணைந்தால் பனியை உருக்கிக் குடிநீர் எடுக்க முடியாது, உறைந்த துப்பாக்கியைச் சூடுகாட்ட முடியாது. அதனால் முறைவைத்து விழித்திருப்பார்கள். காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக வருமாம், அவ்வளவு புகை. அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முழுநேரச் சிப்பாயின் வாழ்வு பெரும்பாலும் அந்த அடுப்படியில்தான் கழிகிறது என்பதும், அங்கே ஒழுங்காக விழித்திருந்தவனை நம்பித்தான் மற்றவன் கயிற்றில் கால்வைக்கிறான் என்பதும், சுன்னி லாலின் பணிவரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கின.

உங்கள் மாணவனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிகாரித் தேர்வு எழுத விருப்பமிருந்தால் எழுதட்டும். சிப்பாயாகச் சேருவதை ஏதோ குறைந்த பிழைப்பு போல அவனிடம் பேசாதீர்கள், அவ்வளவுதான். பானா சிங்கும் சுன்னி லாலும் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள்தாம். இன்று சிப்பாயாகச் சேருபவர்களில் பெரும்பாலோரை நான்கே ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பும் அக்னிபத் திட்டத்தில் அத்தகைய இருபதாண்டுகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது எனக்கிருக்கும் கவலை. அதை அவனிடம் மறைக்கவும் வேண்டாம்.

கட்டுரையைத் திருத்தி அனுப்புங்கள். ஐந்து பெயர்களும், அந்தக் கயிற்றைக் கட்டியவர்களும் இருந்தால் இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன்.