பாறைக்குள் நடப்பதை அதிர்வுகள் சொல்லும்

கேள்வி: 2021இல் எங்கள் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, பரணிலிருந்த பித்தளைக் குடங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்ததைக் கேட்டுத் தெருவுக்கு ஓடிவந்தோம். ஐஸ்லாந்தில் இத்தகைய சிற்றதிர்வுகள் நூற்றுக்கணக்கில் வருகின்றனவாமே, அவற்றை எப்படி ஆராய்கிறார்கள்?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: அவ்வாண்டு நவம்பர் 29 அதிகாலையில் வேலூர்ப் பக்கம் பதிவான அதிர்வின் அளவு 3.6, பெருஞ்சேதம் விளைவிக்கும் அளவன்று என்றாலும், உங்கள் அச்சம் நியாயமானதே. நம்முடையது பழமையான கெட்டிப்பாறை நிலம்; ஐஸ்லாந்திலோ இரு புவித்தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன. அங்கே முதன்மை அதிர்வு என்று ஒன்றைச் சுட்ட முடியாதபடி, ஏறக்குறைய ஒரே அளவிலான அதிர்வுகள் திரளாக எழுவதுண்டு.

மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு தொலைவைக் கணிப்பதுபோல, விரைந்து வரும் முதன்மை அலைக்கும் பிந்தி வரும் இரண்டாம் அலைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 8 கிலோமீட்டர் என்று கொண்டு, பல நில அதிர்வுமானிகளின் பதிவுகளை ஒப்பிட்டு மையத்தைக் கண்டறிகிறார்கள். சிதறிய புள்ளிகளாகத் தெரிந்த அதிர்வு மையங்கள், கணக்கைத் துல்லியமாக்கும்போது, ஒரு பிளவின் தளத்தில் வரிசையாக வந்து நிற்பது வியப்பூட்டும் காட்சி. அப்புள்ளிகள் சில மணி நேரத்தில் பல கிலோமீட்டர் நகர்ந்தால், பாறைக்குழம்பு பிளந்துகொண்டு முன்னேறுகிறது என்று ஐயுறுவார்கள். 2023 நவம்பர் 10 அன்று ஐஸ்லாந்தின் கிரிந்தாவிக் ஊர்மக்களை வெளியேற்றியது இத்தகைய கண்காணிப்பினால்தான்.