பாங்காக்கில் இருவராக, முதுகுப்பையோடு: கேள்வி பதில்

நானும் என் கணவரும் பை தூக்கிக்கொண்டு நான்கு முறை பாங்காக்கில் சுற்றியிருக்கிறோம். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா, கல்யாணமாகி ஆறு மாசம். ரூம் எடுக்கும்போது மேரேஜ் சர்டிஃபிகேட் கேட்பாங்களா?

கேட்க மாட்டார்கள். இரண்டு பேரின் பாஸ்போர்ட் போதும்.

டார்மிட்டரி எடுத்தால் மிச்சம் பிடிக்கலாமா?

தனி ஆளுக்குத்தான் லாபம். இரண்டு கட்டிலுக்குக் கொடுக்கும் காசில் பல இடங்களில் ஃபேன் போட்ட தனி அறையே கிடைத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

காவோ சான் ரோட்டில் தங்குவதா, ஸ்கைட்ரெயின் பக்கமா?

முதுகுப்பைக்காரர்கள் கூடும் தெரு அது, ஆனால் காவோ சான் வேண்டாம். இரவெல்லாம் பாட்டுச் சத்தம். அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்கைட்ரெயின், அதாவது தூண்கள் மேல் ஓடும் நகர ரயில், அந்தப் பக்கமே வராது. எங்கள் முதல் பயணத்தில் அங்கேதான் தங்கினோம். ஏப்ரல் மாசம், உச்சி வெயிலில் வாட் போ கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினோம். பாதி வழியில் வழி தவறி, யார் தப்பு என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, சாயங்காலம் வரை இருவரும் பேசவில்லை. அடுத்த முறை சபான் தாக்சின் ஸ்டேஷன் பக்கம் தங்கினோம். கீழே இறங்கினால் சாத்தோன் படகுத்துறை, மேலே ஏறினால் ரயில். ஆரஞ்சுக் கொடி கட்டி ஆற்றில் பஸ் மாதிரி ஓடும் படகில் ஏறினால் அரண்மனை, வாட் போ, வாட் அருண் எல்லாமே ஆற்றங்கரையிலேயே வந்துவிடும்.

கிராண்ட் பேலஸ் எத்தனை மணிக்கு?

காலை 8:30 முதல் மாலை 3:30 வரை. ஆளுக்கு 500 பாட் (தாய்லாந்துப் பணம்). தோளும் முழங்காலும் மறைய வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல சட்டை போட்ட ஒருவர், "இன்னிக்கு மூடியிருக்கு, 20 பாட்டுக்கு துக் துக்கில் வேறு கோயில் காட்டுறேன்" என்பார். நம்பாதீர்கள். ரத்தினக் கடைக்கும் தையல் கடைக்கும்தான் வண்டி போகும், ஓட்டுநருக்கு அங்கே கமிஷன்.

காவோ சானைக் குறை சொல்லாதீங்க அக்கா. பத்து நிமிஷம் நடந்தால் ஃப்ரா ஆர்தித் படகுத்துறை. நாங்க ரெண்டு வாரம் அங்கேதான் இருந்தோம்.

படகுத்துறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருட்டிய பிறகு ஆரஞ்சுக் கொடி படகு கிடையாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஸ்கைட்ரெயின் ஓடும் சுக்கும்வித் பக்கமிருந்து எப்படித் திரும்புவீர்கள்? டாக்ஸிதான்.

காவோ சானுக்காகப் பேசினவர் சொல்வதுதான் சரி. சேன் சேப் கால்வாய்ப் படகு ஃபான் ஃபா துறை வரை வருது. அதைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே?

சொல்லியிருக்க வேண்டும், என் தவறுதான். எனக்கு மிகவும் பிடித்த வண்டியே அது. பிரதூனாம் சந்தைப் பக்கமிருந்து பழைய நகரத்துக்கு, மேலே ரோட்டில் கார்கள் அப்படியே நிற்க, கீழே படகு சீறிக்கொண்டு வரும். எதிர்ப்படகு கிளப்பும் தண்ணீர் மேலே படாமலிருக்க, ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை ஏற்றுவார்கள். ஹெல்மெட் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுப்பார். படகு நிற்கும் ஒரு நொடிக்குள் ஏற வேண்டும். ஒருவர் ஏறி மற்றவர் கரையில் நின்றுவிட வாய்ப்புண்டு, எந்தத் துறையில் இறங்குவது என்று முன்பே பேசி வையுங்கள். ஃபான் ஃபாவில் இறங்கினால் வாட் சாக்கேத் மலைக்கோயில் பக்கத்திலேயே. ஆனால் இதுவும் இரவில் ஓடாது. வெயில் தாங்குகிற, சீக்கிரம் தூங்காத ஜோடிக்குக் காவோ சான். மற்றவர்களுக்கு ஆற்றோரம். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

பேலஸ் மூடியிருந்தால் வேறென்ன பார்க்கலாம்? ஒருத்தர் மூடியிருக்குன்னு சொன்னார்.

மேலே படியுங்கள். அந்த ஒருத்தர்தான் அவர்.

நாங்க சைவம். பட்டினி கிடப்போமா?

மாட்டீர்கள். ஆனால் "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. காய் மட்டும் போட்ட வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், சோம் தம் என்ற பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். "கின் ஜே" என்று சொல்லுங்கள். ஜே என்பது சீன பௌத்தர் வழி வந்த முறை. கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டு கூட இல்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு தொங்கினால் அது ஜே கடை. அக்டோபர் வாக்கில் ஜே திருவிழா நாட்களில் சைனா டவுன் யாவோவராத்தே மஞ்சளாகிவிடும். சப்பாத்தி, பருப்பு வேண்டுமென்றால் இந்தியர்கள் கடை வைத்திருக்கும் பாஹுராத் பகுதி. சீலோம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களே வரிசையில் நின்று மாலை சாத்துவதை ஒருமுறை பாருங்கள், மனசு நிறைந்துவிடும்.

விசா வேணுமா?

விதி அடிக்கடி மாறுகிறது, தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். ஆளுக்கு ஒன்று, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளத்தில் நிரப்பாதீர்கள்.

வருகை அட்டைக்கு எவ்வளவு கட்டணும்?

இலவசம்.

பட்டாயா ரிசார்ட் நல்லதா சொல்லுங்க.

நான் தங்கியதில்லை. ரிசார்ட் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

படகில் பிக்கு பக்கத்தில் என் மனைவி உட்காரலாமா?

கூடாது. பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது என்பது அவர்கள் விதி. இடம் நெருக்கமாக இருந்தால் நீங்கள் நடுவில் உட்காருங்கள்.

துக் துக் டிரைவர் பேலஸ் லீவுன்னு...

திறந்திருக்கிறது. வாசல் வரை நடந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சியாங் மாய்க்கு இரவு ரயில். ரெண்டு பேருக்கும் எது சரி?

முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கொண்ட தனி அறை உண்டு, பூட்டிக்கொள்ளலாம். காசு பார்த்தால் இரண்டாம் வகுப்பு. திரைச்சீலை போட்ட படுக்கைகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்படுக்கை அகலம், விலையும் சற்றுக் கூடுதல். பழைய ஹுவா லாம்போங் ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து வடக்கே போகும் நெடுந்தூர ரயில்கள் பாங் சூவில் உள்ள புதிய மத்திய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. மெட்ரோவில் பாங் சூ என்று இறங்குங்கள். நிலையம் மிகப் பெரியது, பிளாட்பாரம் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.