சட்டம் கேளுங்கள்: அறுவைக்குப் பின் பூனை இறந்தது, யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் 4 வயதுப் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவு 9 மணிக்கு அது எழுந்து நிற்க முடியாமல், ஈறு வெளுத்து, காது சில்லிட்டுக் கிடந்தது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். மயக்க மருந்தின் வேகம்தான், காலையில் சரியாகிவிடும் என்றார்கள். விடிவதற்குள் இறந்துவிட்டது. உடலைப் புதைத்துவிட்டோம். ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குச் சட்டப்படி வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடாததால், பல நாட்டுச் சட்டங்களுக்கும் பொதுவானதை முதலில் சொல்கிறேன்.

பிராணி இறந்துவிட்டது என்பதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. கருப்பையை அகற்றும் அறுவையில் இரத்தக் குழாயில் போட்ட கட்டு பிறகு நழுவி உள்ளே இரத்தம் கசிவது, மிகக் கவனமாகச் செய்பவருக்கும் நேரக்கூடிய ஒன்று. ஆனால் வெளுத்த ஈறு, சில்லிட்ட காது, நிற்க முடியாத சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் உள் இரத்தக்கசிவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரிந்த பாடம். அதைக் கேட்ட பிறகும் உடனே கொண்டுவரச் சொல்லாதது ஏன் என்பதே நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி. என் கருத்தில், உங்கள் வழக்கின் உயிர் அறுவை மேசையில் இல்லை. அந்த 9 மணி உரையாடலில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு போலம் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல், அந்தத் துறையின் பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் முறைப்படி நடந்தவரை அலட்சியமாக நடந்தவர் என்று சொல்ல முடியாது என்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதை ஏற்றது. இரண்டுமே மனிதர்களுக்கான சிகிச்சையைப் பற்றியவை என்றாலும், கால்நடை மருத்துவர் மீதான வழக்கிலும் கேட்கப்படும் கேள்வி இதுவே. அதனுடன், அன்றிரவே சிகிச்சை கிடைத்திருந்தால் பூனை பிழைத்திருக்கும் வாய்ப்பு இருந்தது என்பதையும் நீங்கள் காட்டியாக வேண்டும். பல வழக்குகள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கையெழுத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். அறுவையில் இயல்பாக உள்ள ஆபத்துகளை அறிந்து சம்மதித்தீர்கள் என்பதற்குத்தான் அது சான்று. பிறகு கவனிக்காமல் விடுவதற்கு நீங்கள் கொடுத்த அனுமதி ஆகாது.

உடலைச் சுதந்திரமான வேறொரு மருத்துவரிடம் உடற்கூறாய்வுக்குக் கொடுத்திருந்தால் வலுவான ஆதாரம் கிடைத்திருக்கும். துக்கத்தில் யாருக்கும் அது தோன்றாது என்பதை அறிவேன். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: உடலைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள், உறைந்தால் திசுக்கள் சிதைந்து ஆய்வு கெட்டுவிடும். உங்களிடம் இன்னும் இருப்பவை தொலைபேசி அழைப்புப் பதிவு, ரசீதுகள், குறுஞ்செய்திகள். சிகிச்சைப் பதிவேடு, மயக்க மருந்துக் குறிப்பு ஆகியவற்றின் நகலை இன்றே எழுத்து மூலம் கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். பிறகு அவற்றை வேறொரு கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுத்துப்பூர்வக் கருத்து வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை சமூக ஊடகத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பக்கூடும்.

இந்தியாவில் இருப்பவர் என்றால், கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும், இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். மருத்துவரின் நடத்தை குறித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலிலும் தனியாகப் புகார் செய்யலாம். ஆனால் இத்தகைய தொழில்முறை அமைப்புகளிடம் இழப்பீட்டை எதிர்பார்க்காதீர்கள். அவற்றின் பணி ஒழுங்கு நடவடிக்கை. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ராயல் காலேஜும் அப்படித்தான், அங்கே இழப்பீட்டுக்கு நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

கேள்வி: தவறான சிகிச்சையால் எங்கள் நாய் இறந்ததற்கு இழப்பீடு கேட்கிறோம். தெருவில் கண்டெடுத்து வளர்த்த நாய் என்பதால் அதற்கு மதிப்பே இல்லை என்கிறார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். சரியா?

பதில்: அவர் சொல்வது பழைய சட்டத்தின் பாதி மட்டுமே. பல நாடுகளில் வளர்ப்புப் பிராணி இன்றும் உடைமையாகவே கருதப்படுவதால் சந்தை விலையைக் கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் நாய்க்கு விலை இராது. ஆனால் பிராணிகள் பொருள்கள் அல்ல என்று ஆஸ்திரியா 1988இலும் ஜெர்மனி 1990இலும் தங்கள் குடிமைச் சட்டத்தில் எழுதிவிட்டன; காயம்பட்ட பிராணியின் சிகிச்சைச் செலவு அதன் விலையைவிட மிகுதி என்பதற்காக மட்டும் அதை மறுக்க முடியாது என்பதும் ஜெர்மன் சட்டத்தில் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் பிராணி தந்த தோழமையை இழந்ததற்கே இழப்பீடு தர 2000இல் சட்டம் இயற்றியது, ஆனால் உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர்களின் தொழில்முறை அலட்சியத்துக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்திய நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கும் இழப்பீடு வழங்கக்கூடியவை. ஆகவே மனுவில் நாயின் விலையை எழுதாதீர்கள். தவறான சிகிச்சைக்குக் கட்டியது, அதைச் சரிசெய்ய வேறிடத்தில் செலவழித்தது, போக்குவரத்து, மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியாக ரசீதுகளுடன் எழுதுங்கள். நாய் உங்கள் வீட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது என்பதையும் தடுப்பூசி அட்டையை இணைத்துக் காட்டுங்கள்.