சியாட்டிலுக்கு வரும் தம்பிக்கு: இச்சிரோவை முன்வைத்து ஒரு பதில்

சியாட்டிலில் வேலை கிடைத்திருப்பதாகவும், அலுவலகத்தில் பேஸ்பால் பேசுபவர்களோடு சேர்ந்து பழக நம் இயல்பை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, மழைக்காலம் போன்றவற்றுக்கு இங்கு வந்த பிறகு வழி தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் வந்த 2001ஆம் ஆண்டில்தான் பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகியும் ஜப்பானிலிருந்து இங்குள்ள மரைனர்ஸ் அணிக்கு வந்தார். அங்கே ஓரிக்ஸ் அணியில் ஆடி, 7 ஆண்டுகள் தொடர்ந்து ஜப்பானின் பசிபிக் லீகில் மிக உயர்ந்த அடிசராசரிக்கான பேட்டிங் பட்டத்தை வென்றவராயினும், அந்த ஒல்லியான உடம்பு அமெரிக்கப் பந்துவீச்சைத் தாங்குமா என்று பலர் ஐயப்பட்டனர். பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்னுக்கே மதிப்பிருந்த அக்காலத்தில், பந்தைத் தட்டிவிட்டு, அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்துக்குப் பறக்கும் தம் பாணியை அவர் கைவிடவில்லை. முதல் ஆண்டிலேயே 242 ஹிட் அடித்து (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்தைச் சேர்வதே ஹிட்), மரைனர்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், மிகமதிப்புமிக்க வீரர் என்னும் இரு விருதுகளையும் பெற்றார். 2004இல் 262 ஹிட் அடித்து, ஒரே பருவத்துக்கான ஹிட் எண்ணிக்கையில் ஜார்ஜ் சிஸ்லர் என்னும் வீரர் 1920இல் நிறுவிய 257 என்ற சாதனையையும் கடந்தார்.

அந்நாளில் என் மேலாளர் ஒருவர், நான் யோசித்து நிதானமாகப் பேசுவதைத் திறமைக் குறைவு என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தார். அது இன்றும் எனக்கு ஆறவில்லை. ஓக்லாந்தில் முதல் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்கு ஓடிய எதிரணி வீரர் டெரன்ஸ் லாங்கை, வலப்புற மைதானத்திலிருந்து நேர்கோடாய் வந்த ஒரே எறியால் இச்சிரோ ஆட்டமிழக்கச் செய்ததைத் தொலைக்காட்சியில் கண்டது அந்த வசந்தத்தில்தான். தம் பாணியை விடாத அவரைப் போலவே என் நிதானத்தை நானும் விடவில்லை, அதை நம்பியே பின்னர் பெரிய பொறுப்புகளை என்னிடம் கொடுத்தார்கள்.

ஆனால் இயல்பைக் காப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் ஓர் ஆட்டத்தைக்கூட முழுமையாகப் பார்க்காமல், கிரிக்கெட்டுக்கு முன் இதெல்லாம் விளையாட்டா என்று பேசும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. செய்தியாளர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசிவந்த இச்சிரோ, 2025இல் கூப்பர்ஸ்டவுன் ஊரிலுள்ள பேஸ்பால் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது தம் உரையை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். 2019இல் டோக்கியோவில் ஓய்வை அறிவித்த இரவிலோ, அமெரிக்காவில் அந்நியராக வாழ்ந்ததால்தான் பிறர் வலியை எண்ணிப் பார்க்கும் மனம் தமக்கு வந்தது என்ற பொருளில் பேசினார். இங்கு வந்து சில மாதங்கள் கழித்து அந்தப் பேச்சைத் தேடிப் படியுங்கள், அப்போது அது உங்களுக்கு விளங்கும்.